பொறுங்க மாஸ்டரும் ஒரே ஒரு மேகமும்

சூரியனோடு சண்டை போட்டே காலம் தள்ளிய ஆள் இந்த நீலகிரி மலையில் ஒருவர்தான். அவர் பொறுங்க மாஸ்டர். சூரியன் அவரை ஒரு நாளும் மதித்ததில்லை. அவரும் விட்டதில்லை.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலை ஏறியவர். மஞ்சூர் போகிற ரோட்டில், எங்கள் கடைவீதியில், ரேஷன் கடைக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் எடுக்கப் போகிறவர் மூஞ்சியைப் பார்க்க மாட்டார். ஜன்னலைப் பார்ப்பார். "பொறுங்க" என்பார். வெயில் அடித்தால், "இது சப்புன்னு இருக்குது, பொறுங்க." மேகம் மூடினால், "இது போகட்டும், பொறுங்க." பெண் வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வந்த ஒருவர், வேறு வழியில் பெண் கிடைத்து, கல்யாணமும் முடிந்து, பெண்டாட்டியோடு வந்து அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு போனார் என்பார்கள். நம்பலாம்.

ஆள் ஒல்லி. தலை முழுக்க நரை. எந்த நாளும் ஒரே கறுப்புக் கோட்டு. படம் கழுவுகிற மருந்துத் தண்ணீரில் ஊறி நகமெல்லாம் கறுத்திருக்கும். பக்கத்தில் போனால் புளித்த வாடை வரும். நாய்கள் அவரைக் கண்டால் குரைக்காது. விலகிப் போகும்.

நான் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவன். தேயிலை ஃபாக்டரியில் பாய்லருக்கு விறகு தள்ளுகிற வேலை கிடைத்தது. பெரும்பாலும் ராத்திரி ஷிப்டு. பகலில் மாஸ்டரின் கேமராப் பெட்டியையும் முக்காலியையும் சுமந்தேன். அந்தப் பெட்டி மரத்தால் ஆனது. பிணத்தைவிடக் கனம். கூலி ஒரு டீ, ஒரு பன்.

அவருக்கு மனித முகம் பிடிக்காது. மலை வேண்டும். மலையின் மேல் சாய்ந்து விழுகிற வெளிச்சம் வேண்டும்.

"தம்பி, மனுசன் எறும்பாட்டம் இருக்கோணும். மலைதான் மாப்பிள்ளை, வெளிச்சந்தான் பொண்ணு. அவிய ரெண்டு பேரும் சேர்ற நேரத்துல நம்ம மூஞ்சிய யாருங்க பாக்கறது?"

கடைவீதி மளிகைக்காரர் மகளுக்கு இத்தலாரில் கல்யாணம். மாஸ்டர்தான் படம். மணமக்களை ஒரு மேட்டில் நிறுத்திவிட்டு, எதிர் மேட்டுக்குப் போய் எடுத்தார். படம் வந்தது. பெரிய பள்ளத்தாக்கு. அதற்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் மலை. ஓரத்தில் மழைத் திரை இறங்குகிறது. மளிகைக்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார்.

"ஏனுங்க மாஸ்டர், எம் மவ எங்கீங்க?"

"அந்தக் கற்பூர மரத்துக்குக் கீழ பாருங்க."

"அது ஆடுங்க."

"ஆட்டுக்குப் பக்கத்துலீங்க."

மளிகைக்காரர் அன்றோடு அவருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினார்.

சிலோனிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்குக் குடும்ப அட்டைக்குப் படம் எடுத்த கதையும் உண்டு. ஒரு குடும்பத்தையே மலைச்சரிவில் நிறுத்தி எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆபீசர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அரிசி யாருக்குய்யா? மலைக்கா?" என்று திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு முகத்தையும் எடுத்தார். முனகிக்கொண்டே எடுத்தார். "இது படம் இல்லீங்க. அடையாளம்" என்பார்.

இனி அந்த மேகம்.

குந்தாப் பக்கம் ஒரு பாறை உண்டு. மழை விடுகிற சமயத்தில் நாள் தவறாமல் அங்கே போனோம். அவர் பெட்டிக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். நான் காலில் ஏறுகிற அட்டைப்பூச்சியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் சாயங்காலம் மழை விட்டதும் மேகத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் தூண் மாதிரி இறங்கி, எதிர்ச் சரிவில் ஊன்றி நின்றது. சுற்றிலும் இருட்டு. நான்கூட ஒரு நிமிசம் குளிரை மறந்தேன்.

துணிக்குள்ளிருந்து சத்தமே இல்லை. ஆள் போய்விட்டார் என்றே நினைத்தேன். கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. பிறகு பெட்டியோடு குழாயில் தொங்கிய ரப்பர் பந்தை அமுக்கிப் படத்தைப் பிடித்தார். அன்றைக்கு எனக்கு ரெண்டு டீ.

அந்தப் படத்தைச் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனி வாங்கியது. மாஸ்டர் வருசம் பிறக்கக் காத்திருந்தார். காலண்டர் வந்தது. மேகம் இருந்தது. வெளிச்சத் தூணும் இருந்தது. அதற்கு நடுவில் மயிலோடு முருகன் நின்றார். கீழே ஒரு உரக்கடை பெயர்.

காலண்டரைத் திருப்பி, சுவரைப் பார்க்க மாட்டினார். "முருகன் மேல கோவமில்லீங்க. எடஞ்சலா நிக்கறாரு" என்றார்.

அப்படி ஒரு மேகம் பிறகு அவருக்கு அமையவில்லை. அதனால் அதையே எல்லாப் படத்துக்கும் போட ஆரம்பித்தார். இருட்டறையில் சிவப்பு பல்பு எரியும். படத்தாளின் மேல் விளக்கு விழும்போது அட்டையைப் பிடித்து ஆட்டுவார். மறைத்த இடம் வெளுக்கும். விட்ட இடம் கறுக்கும். வானம் வெறுமனே கிடந்தால், மலையை அட்டையால் மூடிவிட்டு, அந்த மேகம் பதிந்த நெகடிவ் கண்ணாடியைச் செருகி, மேகத்தை இறக்குவார். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டு, நெகடிவில் இருக்கிற வடு, சுருக்கம் எல்லாவற்றையும் பொடிப்பொடியாகத் தடவி எடுத்துவிடுவார்.

"பொய்தானே மாஸ்டர்?" என்றேன் ஒரு தடவை.

"சூரியன் வரலீன்னா நாம வர வெச்சுக்கோணும் தம்பி. இதுல என்ன பொய்யி?"

நாங்கள் வந்த முதல் வருசம், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சாவு அதிகம். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பன் இங்கே, மகன் அங்கே என்று பாதிக் குடும்பம் அக்கரையில், சிலோனிலேயே இருந்தது. சாவுக்கு யாரும் வர முடியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். புதைக்க எடுப்பதற்கு முன்னால் பிணத்தைப் பெஞ்சில் சாய்த்து வைத்து, சுற்றி நின்று படம் எடுத்து அனுப்புவோம். அந்தப் படம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்கே மொட்டை அடிப்பார்கள், கருமாதி செய்வார்கள். கையில் காசில்லாத காலம். வேறெதற்கும் நாங்கள் படம் எடுத்து அனுப்பியதில்லை.

முதலில் போனது கருப்பையாக் கிழவர். காலையிலேயே குளிப்பாட்டி, தலைப்பாகை கட்டி, லயத்து வாசலில் உட்கார வைத்தாகிவிட்டது. மாஸ்டர் வந்தார். கிழவரைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார்.

"பொறுங்க."

தூறல் விழுந்தது. ஒருவர் ஓடிப்போய்ப் பிணத்துக்குக் குடை பிடித்தார்.

"அவருக்கு எதுக்குடா கொடை? சளியா புடிக்கப் போகுது?" என்றார் இன்னொருவர்.

"தலப்பா நனையுதுல்ல. அக்கரையில மூத்த மகன் பார்த்தா என்னா நெனைப்பான்?"

பெண்கள் ஒப்பாரி வைத்துக் களைத்துப் போனார்கள். ஒப்பாரி நின்றதும் மாஸ்டர் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார். "ஏனுங்க நிறுத்திப்போட்டீங்க? அழுவுங்க. ஆனா அசையாதீங்க" என்றார். அசையாமல் எப்படி அழுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தி சிரித்துவிட்டாள். அவளை அடிக்கப் போனார்கள். கிழவர் மட்டும்தான் அவர் சொன்னபடி இருந்தார்.

"இந்த லயத்துலயே படத்துக்கு நிக்கத் தெரிஞ்ச ஆளு இவரு ஒருத்தருதானுங்க" என்றார் மாஸ்டர்.

வெளிச்சம் வரவே இல்லை. பனிமூட்டத்திலேயே எடுத்தார். ஆனால் படத்தில் மேகம் வந்தது. தூண் நேராக இறங்கி, கிழவரின் தலைப்பாகையில் நின்றது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. லயமே கூடி நின்று பார்த்தது.

படம் அக்கரைக்குப் போய், அங்கிருந்து பதில் வந்தது. அப்பாவைச் சாமி நேரில் வந்து கூட்டிக்கொண்டு போகிறது, இதுபோல் ஒரு சாவு யாருக்கு வரும் என்று எழுதியிருந்தார்கள். பிறகு செத்த எல்லோருக்கும் அந்த மேகம் வேண்டும் என்றார்கள். மாஸ்டரும் போட்டார். நாங்கள் எல்லோரும் சிலோனில் ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர்கள். படமெல்லாம் அந்த ஒரே தோட்டத்துக்குத்தான் போயிற்று.

இனி வருவது எங்கள் வீட்டுக் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்தியா வருவதற்கான என் மனைவி பாக்கியத்தின் பேப்பர் அவள் அப்பாவோடு சேர்ந்து கிடந்தது. என் பேப்பரில் நானும் மகள் செல்வியும் மட்டும். எங்களுக்குக் கப்பல் முதலில் வந்துவிட்டது. போகாவிட்டால் பேப்பர் செத்துவிடும். "நீங்க பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போங்க, நா பின்னாடியே வாறேன்" என்றாள் பாக்கியம். செல்விக்கு அப்போது நாலு வயசு.

வந்த இடத்தில் செல்விக்கு அம்மை கண்டது. பிழைத்துக்கொண்டாள். முடியெல்லாம் மழிக்க வேண்டியிருந்தது. அம்மையில் பிள்ளைகள் போய்விட்டன என்கிற பேச்சு அக்கரைக்கும் போயிருக்கிறது. எந்தப் பிள்ளைகள் என்று யாரும் சொல்லவில்லை. செல்வி படம் ஒன்று அனுப்பச் சொல்லிப் பாக்கியம் எழுதினாள்.

மாஸ்டரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோசம். செல்வியை அவருக்குப் பிடிக்கும். எங்கள் லயத்தில் அவர் பார்த்த ஒரே மனித முகம் அதுதான்.

"ஆத்தா பாக்கப் போறாங்கல்லீங்க? ஒசத்தியா எடுத்துப்போடலாம்."

வெள்ளைக் கவுன் போட்டு, ஒரு கல்லில் உட்கார வைத்தார். "அசையப்படாது கண்ணு. அசைஞ்சா படம் போச்சு." செல்வி விறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூச்சு விட்டாளா என்று தெரியாது. மாஸ்டர் அன்றைக்கெல்லாம் பென்சிலும் கையுமாக இருந்து, அம்மைத் தழும்பை ஒன்றுவிடாமல் எடுத்தார். முகம் மெழுகு பொம்மை மாதிரி வந்தது. மொட்டைத் தலைக்கு மேல் அந்த மேகத்தை இறக்கினார். தூண் சரியாக உச்சந்தலையில் விழுந்தது. அவர் செய்ததிலேயே அதுதான் நல்ல படம். எனக்கும் அப்படித்தான் பட்டது. கடுதாசி எதுவும் வைக்காமல் படத்தை மட்டும் தபாலில் போட்டேன்.

பதில் இல்லை. மழை தொடங்கியது. அப்போதும் பதில் இல்லை.

அந்த மழையில் சின்னையா வந்து சேர்ந்தான். எங்கள் தோட்டத்து ஆள். அங்கே லயத்தில் என் காம்பராவுக்கு அடுத்த அறையில் இருந்தவன். கப்பலை விட்டு இறங்கி, விசாரித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். வாசலில் செல்வி தகர டப்பாவைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். சின்னையா பெட்டியைச் சேற்றிலே போட்டான்.

"இது யாரு மச்சான்?"

"தெரியல? செல்விதான். முடி இப்பத்தான் வளருது."

அவன் அப்படியே படியில் உட்கார்ந்தான்.

"அடப் பாவி. அங்க ஒம் பொஞ்சாதி கருமாதி முடிச்சிட்டாளே."

"யாருக்கு?"

"இந்தப் பிள்ளைக்குத்தான். நீ படம் அனுப்பினியே. செத்தவங்க மேகம் போட்டு அனுப்பினியே! கருப்பையாத் தாத்தாவுக்கு அந்த மேகந்தான். எங்க சித்திக்கும் அந்த மேகந்தான். படத்தைக் கையில வாங்கினதும் அவ ஒரு சத்தம் போட்டா பாரு மச்சான், மேல் லயத்துல இருந்து ஆளுங்க ஓடி வந்தாங்க. நானும் அந்தக் கருமாதிச் சோறு தின்னுட்டுத்தான் வாறேன்."

செல்வி டப்பாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மீதியையும் சொன்னான். பாக்கியத்துக்குப் பேப்பர் வந்துவிட்டது. அடுத்த கப்பலில் பெயர் இருக்கிறது. அவள் ஏற மாட்டேன் என்கிறாள். "பிள்ளை இல்லாத ஊருல எனக்கென்னா வேலை?" என்கிறாள். அந்தக் கப்பலை விட்டால் பேப்பர் கிடையாது. பிறகு அவள் அங்கே, நாங்கள் இங்கே. சாகிற வரைக்கும்.

"பிள்ளை உசுரோட இருக்குன்னு எழுதிடறேன்" என்றேன்.

"எழுது. நம்ப மாட்டா. நீ என்ன எழுதினாலும் அவளக் கப்பல்ல ஏத்தறதுக்காகச் சொல்ற பொய்தான்னு ஏற்கனவே லயத்துல பேசிக்கிட்டாங்க."

செல்வியையும் சின்னையாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். மாஸ்டர் ஜன்னலில் நின்று மழையை வைதுகொண்டிருந்தார்.

"மாஸ்டர், உங்க மேகம் எம் பிள்ளையைக் கொன்னிருச்சு."

"மேகத்துல என்ன தப்புங்க தம்பி? வெளிச்சம் கச்சிதமா..."

சின்னையா எல்லாவற்றையும் சொன்னான். மாஸ்டர் கேட்டார். சத்தம், ஓடி வந்த ஜனம், கருமாதிச் சோறு. கேட்டு முடித்ததும் கோட்டுப் பையிலிருந்த பென்சிலை எடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பவும் பையில் வைத்தார். செல்வியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை.

"பெட்டிய எடுங்க" என்றார்.

"இந்த மழையிலா?"

"எடுங்கங்கறேன். இப்பவே."

அவர் பொறுங்க என்று சொல்லாத ஒரே நாள் அது. கடைவீதியே வெளியே வந்து பார்த்தது. மளிகைக்காரர், "மாஸ்டருக்கு உடம்புக்கு ஏதாவதுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

மழை சற்று விட்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புல்வெளி. எங்கும் பனிமூட்டம். மலை இல்லை, மரம் இல்லை, வானமும் இல்லை. எல்லாம் கஞ்சித் தண்ணீர் நிறம். அவர் வாழ்நாளெல்லாம் காறித் துப்பிய வெளிச்சம் அது. அதில் முக்காலியை ஊன்றினார்.

"தம்பி, செத்த புள்ள அசையாது. அசையற புள்ளய அசைஞ்சாப்புலயே எடுத்துப்போடலாம். படம் கலைஞ்சு வரட்டும். கண்ணு, அந்தக் கோடிக்கு ஓடு பாக்கலாம்."

செல்வி ஓடவில்லை. கையைத் தொடையோடு ஒட்டி விறைத்து நின்றாள்.

"ஓடு செல்வி" என்றேன்.

"அசைஞ்சா மாஸ்டரு வைவாரு."

சின்னையா கைதட்டினான். மிட்டாய் காட்டினோம். கெஞ்சினோம். மூச்சை அடக்கிக்கொண்டு கருப்பையாக் கிழவர் மாதிரியே நின்றாள். மாஸ்டர் எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

ரப்பர் பந்தை என் கையில் திணித்தார். "நான் 'ம்'முன்னா அமுக்குங்க. மனசுக்குள்ள முருகான்னு ஒரு வாட்டி சொல்லிப்போட்டு உடுங்க." பெட்டியின் மேல் கிடந்த கறுப்புத் துணியை உருவினார். தலையோடு போர்த்திக்கொண்டார். நாலு காலில் விழுந்தார்.

குந்தாப் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பேய் பயம் கிடையாது. கரடி பயம்தான். அந்த மழைக்குச் சற்று முன்னால்தான் கரடி ஒரு விறகுக்காரர் முகத்தைக் கிழித்திருந்தது. மாஸ்டர் உறுமிக்கொண்டு சேற்றில் பாய்ந்தார். செல்வி வீலென்று கத்திக்கொண்டு ஓடினாள். அவர் விரட்டினார். விரட்டிக்கொண்டே "ம்! ம்!" என்று கத்தினார். கரடி உறுமுகிறதா, மாஸ்டர் சொல்கிறாரா என்று எனக்குக் குழப்பம். அமுக்கினேன். முருகா என்றேன். விட்டேன்.

அதற்குள் அவர் ஒரு பள்ளத்தில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். செல்வி திரும்பி வந்து, துணியைத் தூக்கிப் பார்த்து, "மாஸ்டரு!" என்று அவர் தலையிலேயே ஒன்று போட்டாள்.

படம் வந்தது. வானம் வெறும் வெள்ளை. நடுவில் இழுத்துப் பூசின மாதிரி ஒரு பிள்ளை. வாய் திறந்திருக்கிறது. கால் நாலைந்தாகத் தெரிகிறது. ஓரத்தில் கறுப்பாக ஒரு கரடி. மாஸ்டர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பென்சிலைத் தொடவில்லை. அட்டையைத் தொடவில்லை.

"எம்பட பொழப்புல இப்பிடி ஒரு கேவலமான படம் எடுத்ததில்லீங்க. அனுப்புங்க" என்றார்.

அனுப்பினோம். கப்பல் வருகிற வரைக்கும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சரிவில் புல் அறுக்கிற சத்தம் கேட்டாலும் எழுந்து ரோட்டைப் பார்ப்பேன். மாஸ்டரும் கடைக்கு வெளியே நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளிச்சத்துக்குக் காத்துப் பழகிய ஆள். அந்தக் காத்திருப்பு அவருக்குப் பழகவில்லை. இளைத்துப் போனார்.

பாக்கியம் வந்தாள்.

தகரப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். பாதி ஆளாகியிருந்தாள். செல்விக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. மாஸ்டர் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பாக்கியம் அழவில்லை. பிள்ளையை இழுத்து, தலையைத் தடவினாள். தழும்பைத் தடவினாள். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். சந்தையில் மாடு பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அந்தக் கரடி எங்க?"

நான் மாஸ்டரைக் காட்டினேன்.

"நானுங்கம்மா" என்றார் அவர்.

மேலும் கீழும் பார்த்தாள். "கரடி கறுப்பால்ல இருந்திச்சு. இது நரைச்சிருக்கு."

நடந்ததைப் பிறகு சொன்னாள். படத்தைப் பார்த்ததும் லயத்துப் பெரியவர்கள், கலங்கலாக இருக்கிறது, இது பிள்ளையின் ஆவிதான் என்றார்களாம். இவளும் சரி என்றுதான் இருந்திருக்கிறாள். அப்புறம் ஓரத்தில் கரடியைப் பார்த்திருக்கிறாள்.

"செத்த பிள்ளையை எந்தக் கரடி வெரட்டும்? பிள்ளை உசுரோட இருக்கு, கரடி வெரட்டுது, இந்த மனுசன் நின்னு படம் புடிக்கிறாரு. எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன்."

என்னைத் திட்டுவதற்காகத்தான் கப்பல் ஏறியிருக்கிறாள்.

ஆனால் கருமாதி செய்தது செய்ததுதான். கருமாதி முடிந்த பெயரைச் சொல்லி உயிரோடு இருக்கிற பிள்ளையைக் கூப்பிடக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பாக்கியமும் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. "இந்தா, வா" என்றுதான் கூப்பிட்டாள். புதுப் பெயர் வைக்கத் தாய்மாமன் வேண்டும். அவள் கூடப் பிறந்தவர்கள் எல்லாம் அக்கரையில். ஒரு நாள் ஸ்டூடியோ மாடி ஏறிப் போனாள். நானும் போனேன்.

"நீங்கதானே எம் பிள்ளையைச் சாகடிச்சீங்க. நீங்களே பேரு வைங்க."

மாஸ்டர் பாப்பாத்தி என்றார். அவருடைய தாயார் பெயராம். அவருக்குத் தாயார் இருந்ததே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். என் மகள் இன்றைக்கும் அந்தப் பெயருக்காக எங்களைத் திட்டுகிறாள்.

அந்த மேகக் கண்ணாடியைக் கொண்டுவந்து பாக்கியத்தின் காலடியில் வைத்தார். "நீங்களே ஒடைச்சுப்போடுங்கம்மா." அவள் அம்மிக் குழவியால் ஒரே போடு போட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவளே அவருக்குச் சோறு போட்டாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருவார். குழம்பு சரியில்லை என்பார். அவள் ஏசுவாள். மறுபடியும் சாப்பிடுவார்.

வேறு மேகம் தேட ஆரம்பித்தார். எனக்குப் பகல் ஷிப்டாக மாறியிருந்தது. தனியாகப் போனார். ஒரு ஆடி மாதம் பாறையிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டார். விறகு பொறுக்கப் போனவர்கள் பார்த்துச் சொன்னார்கள். பெட்டி பாறை மேல் அப்படியே நின்றது. மூடியைத் திறக்கவே இல்லை. வெளிச்சம் வந்திருக்காது.

அன்னூர்ப் பக்கம் ஆள் அனுப்பினோம். அவரைத் தெரிந்தவர் யாரும் கிடைக்கவில்லை. படம் எடுக்க ஆள் இல்லை. எடுத்தாலும் அனுப்ப ஊர் இல்லை. எங்கள் லயத்துக்காரர்களே எடுத்துப் புதைத்தோம். அவர் மழையில் காக்க வைத்த பெண்கள் அவ்வளவு பேரும் ஒப்பாரி வைத்தார்கள். அசைந்து அசைந்து அழுதார்கள்.

கருமாதி அன்று ஆற்றங்கரையில், காரியம் செய்ய வந்த பண்டாரம் பிண்டத்தைப் பிடித்து வைத்துவிட்டு, இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டார். அவருடைய பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. மாஸ்டர் என்று சொல்ல முடியுமா? பொறுங்க என்று சொல்ல முடியுமா? சின்னையா தலையைச் சொறிந்தான். பண்டாரத்துக்கு அவசரம்.

"பேரு சொல்லாம சோறு போய்ச் சேராதுங்க. என்னன்னு சொல்ல?"

பாக்கியம் ஈரச் சேலையோடு முன்னால் வந்தாள்.

"அண்ணன்னு சொல்லுங்க" என்றாள்.